ஓம வாட்டர் குடித்த பஃபர்

தணிகாசலம் சார் சொல்வதை ஆடித் தள்ளுபடி போட்டுத்தான் கேட்க வேண்டும். பாதியைக் கழித்து, மிச்சத்தில் பாதியைக் கழித்து, அதற்கும் மேல் மிஞ்சுவதைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால் ஒரு சின்ன உண்மை கிடைக்கும். சில நாள் அதுவும் கிடைக்காது, தண்ணீர்தான் கலங்கும்.

என் பெயர் அமலி. கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் சலாவுதீன் பாய்க்கு. பாய் கண்ணாடித் தொட்டி ஒட்டுவார், ஏர் பம்பு ரிப்பேர் பார்ப்பார், யார் பேசினாலும் நடுவில் புகுந்து கேள்வி கேட்பார். தணிகாசலம் சார் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் சொல்ல வருகிற மீன் அவருடையது இல்லை, அவர் மனைவி சுகுணா டீச்சருடையது. சித்திரையில் டீச்சர் என்னிடம் ஒரு பஃபர் மீன் குஞ்சு வாங்கினார். நல்ல தண்ணீரில் வளரும் வகை, மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. அது என்ன தின்னும், எப்போது தண்ணீர் மாற்றணும், எதற்குப் பயப்படும் என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு போன வாடிக்கை, இந்தப் பதினாலு வருஷத்தில் டீச்சர் ஒருவர்தான்.

ஆவணியில் மகள் பிரசவத்துக்காக டீச்சர் புனே போனார். மீன் சார் பொறுப்புக்கு வந்தது. இரண்டு மாசம் ஓடி ஐப்பசியும் வந்துவிட்டது. "நாளைக் காலைல ரயில் வந்துடும் அமலி. வந்ததும் முதல்ல பஃபரைப் பாக்கணும், அப்புறம்தான் அவரை" என்று சனிக்கிழமையே டீச்சர் போன் பண்ணியிருந்தார். ரயில் உண்மையில் திங்கட்கிழமைதான் வரும் என்பது பேச்சின் கடைசியில்தான் தெரிந்தது. அவருக்கு அவ்வளவு அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை. சந்தைக் கூட்டம் பாதிதான். தணிகாசலம் சார் ஒரு கையில் குடையும் ஒரு கையில் எவர்சில்வர் தூக்குமாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வழக்கமாக எது கொண்டுவந்தாலும் என் மேஜைமேல் டொக்கென்று வைப்பவர், அன்றைக்குத் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வீட்டில் சமையல் இல்லையே, ஓட்டலுக்கு சாம்பார் வாங்கப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு டீச்சர் வராங்களே, மீன் எப்படி இருக்கு சார்?"

நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான்.

"எப்படி இருக்கா? அமலிம்மா, கொளத்தூர்ல இருக்குற அத்தனை மீனையும் ஒரு தட்டுல வை, எம்மீனை ஒரு தட்டுல வை. உன் தட்டு மேல போயி ஃபேன்ல இடிக்கும். சுகுணா ஊருக்குப் போன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது சாதாரண மீன் இல்லன்னு. தொட்டிய கிளீன் பண்ணலாம்னு வலைய விட்டேன். பொசுக்குன்னு ஒரு ஊது ஊதிச்சு பாரு. ஃபுட்பால் சைஸுக்கு. ஃபுட்பால்னு சொன்னா மீன் கோச்சுக்கும், பஸ் டயர் டியூப்புன்னு வெச்சுக்க. தண்ணி பூரா வழிஞ்சு மாடிப்படில இறங்கி, மோட்டாரைப் போட்டுட்டு ஆஃப் பண்ண மறந்துட்டீங்களான்னு கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான்."

பின்பக்கத்திலிருந்து பாய் தலையை நீட்டினார். "அது ரெண்டடித் தொட்டி சார். நான்தான் ஒட்டிக் குடுத்தேன். அதுக்குள்ள பஸ் டியூப் எப்பிடி அடங்கும்?"

"அங்கதான் பாய் உங்க வேலைத்தனம். கண்ணாடி நாலு பக்கமும் வளைஞ்சு குடுத்துச்சு."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று புரியாமல் பாய் சிலிகான் குழாயின் மூடியைத் திருகினார்.

"வயித்துல வாயு, வேற ஒண்ணுமில்ல," என்று சார் தொடர்ந்தார். "டிப்போ கேன்டீன் பஜ்ஜியத் தின்னுட்டு இதே மாதிரி ஊதிக்கிட்டு வந்த டிரைவர் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். எடுத்தேன் ஓம வாட்டரை. தொட்டில ரெண்டு மூடி. அஞ்சாவது நிமிஷம் ஒரு ஏப்பம் விட்டுச்சு, ஜன்னல் கதவு ரெண்டும் தானா சாத்திக்கிச்சு. அன்னிலேருந்து சாப்பிட்டு முடிச்சா பாட்டில் இருக்குற அலமாரியத்தான் பாக்குது."

"நிஜமா ரெண்டு மூடியா சார்?"

"ரெண்டு சொட்டுன்னு வெச்சுக்கயேன்."

தள்ளுபடி போக ஒரு சொட்டு. மீன் பிழைத்ததற்குக் காரணம் அதுதான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். "அது வாயு இல்ல சார். பஃபர் பயந்தா ஊதும். பயம் தெளிஞ்சா தானா இறங்கிடும்" என்றேன்.

"என்னைப் பாத்து அது ஏன் பயப்படப் போவுது?" முகம் சுருங்கிவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டேன். போன வருஷம் இதே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் வீட்டு கோல்டு ஃபிஷ் சாம்பிராணிப் புகை போடச் சொல்லி வாலால் ஜாடை காட்டும் என்றார். நாலு பேர் முன்னால் அதை மறுத்துப் பேசிவிட்டேன். மூன்று மாசம் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் பட்டால் புத்தி வரும்.

அதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். "கண்ணு பாத்திருக்கியா? ரெண்டும் தனித்தனியா சுத்தும். ஒரு கண்ணு பேப்பர் படிக்கும், ஒரு கண்ணு கடியாரத்தைப் பாக்கும். காலைல எட்டுக்கு டாண்ணு கண்ணாடிகிட்ட வந்து நிக்கும். போன மாசம் ஹால் கடியாரத்துல பேட்டரி போயிடுச்சு. அபார்ட்மென்ட்ல பன்னெண்டு வீட்டுக்காரங்களும் எம்மீனைப் பாத்துதான் குக்கர் வெச்சாங்க. டிப்போலேருந்து ரெண்டு ஆபீசர் வந்து பாத்துட்டு, எடுத்த எடுப்புல டைம்கீப்பர் போஸ்ட்டு தரோம், அனுப்புறீங்களான்னாங்க."

"அனுப்ப வேண்டியதுதானே சார்?" என்றார் பாய்.

"பென்ஷன் கிடையாதாம். மீனே வேணாம்னுடுச்சு."

"சரி, இன்னிக்கு எட்டு மணிக்கு வந்து நின்னுச்சா?"

சார் தூக்கின் மூடியைத் தடவினார். "வரும். இப்பல்லாம் கொஞ்சம் நிதானமா வரும். சர்வீஸ் ஏறிடுச்சு இல்ல."

அந்த இழுவை எனக்குப் பிடிக்கவில்லை. நல்லா இருக்கும் பஃபருக்கு எப்போதும் பசி. ஆள் நிழல் தெரிந்தாலே கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அது வரவில்லை என்றால் ஏதோ கோளாறு. மெதுவாகத் தூண்டில் போட்டேன்.

"பல்லு எப்படி சார் இருக்கு?"

"பல்லா? பீரோ சாவி தொலைஞ்சு போச்சு. பூட்டுக்காரன் நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு இழுத்தடிச்சான். மீனை ஒரு சொம்புல எடுத்துட்டுப் போயி பூட்டுக்கு நேரா காட்டினேன். ஒரே கடி. தேங்கா உடைக்க நான் இப்ப அருவாவே எடுக்கறதில்ல. எங்க தெருவுல பைப்பு போடத் தோண்டுறாங்கல்ல, அந்த மிஷினோட பல்லு உடைஞ்சு போச்சு. இன்ஜினியரு எங்க வாசல்ல வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு, 'ஒரு நாளைக்கு மட்டும் மீனைக் குடுங்க சார்'னு."

"குடுத்தீங்களா?"

"மழைல நனைஞ்சா சளி புடிக்கும்னு குடுக்கல பாய்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது நின்றுபோனது.

"இப்பப் பல்லு இன்னும் ஜோரா வளந்துடுச்சு அமலிம்மா. வாய மூடினாலும் வெளிய தெரியுது. நாள் பூரா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கு."

பஃபர் சிரிக்காது. நமக்கு நகம் மாதிரி அதற்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு உள்ளதைக் கடித்துத் தின்றால்தான் தேயும். தேயவில்லையென்றால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் வளர்ந்து வாயையே அடைத்துவிடும். சாப்பாடு கண்ணெதிரே மிதக்கும், மீன் பட்டினியில் சாகும். இந்தக் கடையில் அப்படி இரண்டைப் பார்த்திருக்கிறேன். அதிலும் குட்டி மீனுக்கு வேகமாக வளரும்.

"கடைசியா எப்ப சார் சாப்பிட்டுச்சு?"

"அதைச் சொன்னா நம்ப மாட்ட." குரலை ஏற்றினார். "கந்த சஷ்டி விரதம் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, அதுவா ஆரம்பிச்சுது. ஆறு நாளா பச்சத் தண்ணி பல்லுல படல."

"தண்ணிக்குள்ளதான சார் இருக்கு?" என்றார் பாய்.

"அதான் பாய் பெருமை. தண்ணிக்குள்ளயே இருந்துக்கிட்டு ஒரு வாய் குடிக்காம இருக்கறது யாரால முடியும்? நீங்களும் நானும் விரதம்னா சமையக்கட்டுப் பக்கம் போகாம இருக்கோம். இது சமையக்கட்டுக்குள்ளயே உக்காந்து விரதம் இருக்கு."

"நேத்தே சூரசம்ஹாரம் முடிஞ்சு போச்சே சார். இன்னும் ஏன் சாப்பிடல?" என்று கேட்டேன்.

கொஞ்சம் திணறினார். "திருக்கல்யாணம் பாத்துட்டுதான் முடிக்கும்" என்றவர், தூக்கைப் பார்த்துக்கொண்டே குரலை இறக்கினார். "ஃப்ரீசர்ல இருந்த ரத்தப் புழுவ வெச்சேன். எறாவைப் பொடியா நறுக்கி வெச்சேன். கிட்ட வருது, பாக்குது, வாயத் தொறக்கப் பாக்குது, அப்புறம் விட்டுட்டுப் போயிடுது."

அந்த மனுஷன் பேசி, தள்ளுபடி போடாமல் நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

"நத்தை குடுத்தீங்களா சார்?"

நத்தை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நத்தையா? அந்தக் கதையக் கேளு. சுகுணா போன மூணாம் நாளு. பால்கனிக் கதவத் தொறக்கறேன், மூலைல ஒரு பக்கெட்டு, பக்கெட்டு பூரா நத்தை. ஒவ்வொண்ணும் ஹெல்மெட்டு சைஸு. சுவத்துல ஏறி, கிரில்லத் தாண்டி, பக்கத்து வீட்டுத் துளசிச் செடிய தொட்டியோட தின்னுட்டு, ரேஷன் கடை கியூ மாதிரி வரிசையா என் ஹாலுக்குள்ள வருது. நான் ஒரே ஆளு. இந்தக் கைல ப்ளீச்சிங் பவுடரு, இந்தக் கைல வெளக்கமாறு. மூணு நாள் சண்டை. நாலாம் நாள் பால்கனில ஒரு நத்தை கிடையாது. பக்கெட்டக் கவுத்து வெச்சேன் பாரு, முகம் பாக்கலாம். அசோசியேஷன்லேருந்து வந்து எனக்கு சால்வை போத்தினாங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த நத்தையில் முதல் பத்து நான் கொடுத்தது. டீச்சர் முட்டைக்கோஸ் இலை போட்டு, வெயில் படாமல் மூடி வைத்து, மீனுக்கென்றே பெருக்கிய நத்தை. இந்த மனுஷன் மீனின் சாப்பாட்டை மொத்தமாகக் கொன்று, பக்கெட்டையும் கழுவிக் கவிழ்த்து, சால்வையும் போட்டுக்கொண்டார்.

"டீச்சர் எதுவும் எழுதி வெச்சுட்டுப் போகலையா சார்?" என் குரல் எனக்கே கடுப்பாகக் கேட்டது.

"ஃப்ரிட்ஜுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தா. நூத்தி நாப்பது பஸ்ஸுக்கு டைம் போட்டவன் நான். ஒரு மீனுக்கு நான் பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்கணுமா?"

'நீங்கதான் சார் மீனைப் பட்டினி போட்டீங்க' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். கோபத்தில் மூன்று மாசம் வரமாட்டார். அந்த மீனுக்கு மூன்று நாள்கூட இல்லை. கடவுளே என்று, பதினாலு வருஷ வியாபாரத்தில் சொல்லாத அளவுக்கு ஒரு பொய்யை எடுத்து விட்டேன்.

"அப்ப இன்னிக்குத் திருக்கல்யாணத்தோட பாரணை பண்ணி விரதத்த முடிக்கணுமே சார். பழவேற்காட்டுல எங்க சித்தப்பா வீட்ல பதினாறு பஃபர் உண்டு. பதினாறும் வருஷா வருஷம் விரதம் இருக்கும். விரதம் முடிஞ்ச அன்னிக்கு, நாம முடி எடுக்கற மாதிரி, அதுங்களுக்குப் பல்லு எடுப்போம். எடுத்துட்டு நத்தை வெச்சுதான் பாரணை. அது அப்படி ஒரு வழக்கம்."

எனக்குப் பழவேற்காட்டில் சித்தப்பா கிடையாது. எங்கேயுமே கிடையாது.

பாய் ஒரு நொடி யோசித்தார். பிறகு பம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் நேர்ல பாத்திருக்கேன் சார். எடுத்த பல்லு ஒண்ணுலதான் இவங்க சித்தி அம்மி கொத்திக்கிறாங்க. இருபது வருஷமா முனை மழுங்கல" என்றார்.

தணிகாசலம் சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பொய் சொல்கிறவருக்கு அடுத்தவர் பொய் தெரியாமல் இருக்குமா? அவர் வாயைத் திறந்தார். மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த வழக்கம் எனக்கும் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போயி மீனை எடுத்துட்டு வாங்க சார். இப்பவே."

"எதுக்குப் போவணும்?" மடியிலிருந்த தூக்கை மேஜைமேல் வைத்தார். டொக்கென்று வைக்கவில்லை, பூப்போல வைத்தார். "மழை பாக்கணும்னு காலைலேருந்து ஒரே அடம். அதான் கூட்டியாந்தேன்."

மூடியைத் திறந்தேன். கட்டைவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. வயிறு ஒட்டி உள்ளே போயிருந்தது. பல் உதட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது, ஒரு கண் அவரைப் பார்த்தது. அந்த மட்டுக்கும் அவர் சொன்னது சத்தியம்.

ஒரு சின்ன டப்பாத் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் அளவாகக் கலந்து மீனை விட்டேன். கொஞ்ச நேரத்தில் மயங்கிச் சாய்ந்தது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியில் பிடித்துக்கொண்டேன். பாய் டார்ச் அடித்தார். நகம் வெட்டுகிற சின்னக் கட்டரால் மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. சார் சுவர்ப்பக்கம் திரும்பி என் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுமா?" என்று கேட்டார், திரும்பாமல்.

"தெரியல சார். முழிச்சாதான் சொல்ல முடியும்."

"ரெண்டு மாசமா வீட்ல பேச்சுத் துணைக்கு அது ஒண்ணுதான். நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கும். ஒரு நாளும் இடைல கேள்வி கேட்டதில்ல."

பாய் டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

சுத்தமான தண்ணீரில் விட்டோம். ரொம்ப நேரம் அசையவே இல்லை. பிறகு பக்கத்துத் துடுப்பு துடித்தது, மெல்ல நிமிர்ந்தது. இன்னும் அரை மணி நேரம் விட்டுவிட்டு, என் தொட்டியிலிருந்து இருப்பதிலேயே சின்ன நத்தையாக ஒன்றை எடுத்துப் போட்டேன். மீன் ஒரு கண்ணால் பார்த்தது. அப்புறம் இரண்டு கண்ணாலும் பார்த்தது. அப்புறம் கடித்தது. ஓடு உடைகிற சத்தம் கண்ணாடிக்கு வெளியே மூன்று பேருக்கும் கேட்டது.

சார் மணல் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "சாரல் உள்ள வரைக்கும் அடிக்குது, கதவச் சாத்தக் கூடாதா?" என்றார். சாரல் வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நத்தைப் பையும் கையுமாக அவரை அனுப்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன். "வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜுல இருக்கற பேப்பரைப் படிங்க சார்." அவர் காது கேட்காத மாதிரி குடையை விரித்தார்.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில், கடை நிறைய ஆள். சார் அதே ஸ்டூலில். எதிரே கப்பி மீன் வாங்க வந்த இரண்டு பேர், முன்பின் தெரியாதவர்கள், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மயக்க மருந்தே வேணாம்னுடுச்சு மீனு. 'நீங்க வெட்டுங்க, நான் தாங்கிக்கறேன்'னு ஒரு பார்வை. என் கையால வெட்டினேன். ஏழு மணி நேர ஆபரேஷன். வெட்டின பல்லு தெறிச்சுப் போயி எதிர் வீட்டு ஏசில ஒரு ஓட்டை. பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் வாசல்ல க்யூவுல நின்னு, கட்டர எந்தக் கைல புடிச்சீங்க சார்னு கேக்கறாங்க. முந்தாநேத்து இந்தப் பக்கம் போன கப்பல் ஒண்ணு—"

"கொளத்தூர்ல ஏது சார் கப்பல்?" என்றார் ஒருவர்.

பின்பக்கம் பாய் இரும ஆரம்பித்தார். எனக்கும் நாக்கு அரித்தது. பக்கத்தில் சுகுணா டீச்சர், ஒன்றும் காதில் விழாதவர்போல, பக்கெட்டுக்கு நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நடந்தது என்னன்னு நான் சொல்லட்டுமா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாம் அமலி. வீட்ல கால் வெச்சதும் பால்கனி பக்கெட்டைத்தான் பாத்தேன். பளபளன்னு இருந்துச்சு. அப்பவே எல்லாம் புரிஞ்சு போச்சு." டீச்சர் கடைசி நத்தையைப் பையில் போட்டு, பை வாயில் ரப்பர் பேண்டு சுற்றியபடி சார் பக்கம் பார்த்தார். "பயந்தா ஊதும்னு நீதானே சொல்லிக் குடுத்த. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இறங்கட்டும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."